தரவுத்தளம்: சொல்லும் பொருளும், வகுப்பறையில் அதன் இடமும்

பள்ளியில் செயல்திட்டம், ஆய்வுக் கட்டுரை என்று பேச்சு வந்தாலே 'நல்ல டேட்டாபேஸில் தேடிப் பாருங்கள்' என்ற அறிவுரையும் கூடவே வந்துவிடுகிறது. ஜேஸ்டோர், எரிக், ஷோத்கங்கா என்று பெயர்களையும் அடுக்குவார்கள். டேட்டாபேஸ் என்றால் என்ன, அது சாதாரண இணையதளத்திலிருந்தும் கூகுள் தேடலிலிருந்தும் எதில் வேறுபடுகிறது என்பதை மட்டும் யாரும் நின்று சொல்வதில்லை. சொல்லின் பொருள் பிடிபட்டால் தேடும் முறையும் பாதி பிடிபட்டுவிடும். அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

டேட்டா என்பது லத்தீன் சொல். 'கொடு' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. ஒருமையில் டேட்டம், 'கொடுக்கப்பட்டது'. பன்மையில் டேட்டா, 'கொடுக்கப்பட்டவை'. யூக்ளிடின் வடிவியல் நூல்களில் ஒன்றுக்கே இதுதான் பெயர். கிரேக்கத்தில் 'டெடோமெனா', லத்தீனில் 'டேட்டா'. ஓர் உருவத்தில் இன்னின்ன அளவு கொடுக்கப்பட்டிருந்தால் வேறு எவற்றையெல்லாம் அறிய முடியும் என்பதுதான் அந்த நூலின் பொருள். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. வாதத்துக்கோ கணக்குக்கோ அடிப்படையாக ஏற்றுக்கொண்ட செய்தி என்பதே அப்போதும் அதன் பொருள்.

தமிழில் 'தா' என்ற வினையிலிருந்து 'தரவு' வருகிறது. வரவு, செலவு, உறவு போல 'வு' சேர்ந்த தொழிற்பெயர். தருதல், தரப்படுவது என்று பொருள். லத்தீன் சொல்லின் வேரும் தமிழ்ச் சொல்லின் வேரும் ஒரே செயலைக் குறிக்கின்றன. கலைச்சொல் ஆக்கத்தில் இப்படி வேரோடு வேர் பொருந்துவது அரிது. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு: தரவு புதிதாகச் செய்த சொல் அல்ல. தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இருக்கிறது. கலிப்பாவின் உறுப்புகளாகத் தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று படித்திருப்போமே, அந்தத் தரவுதான். பாட்டின் பொருளை முன்னால் தந்து நிற்கும் முதல் உறுப்பு அது. எருத்து என்றும் அதற்குப் பெயர் உண்டு. இலங்கைத் தமிழ்க் கணிதப் பாடநூல்களில் வடிவியல் நிறுவலைத் 'தரவு' என்று தலைப்பிட்டுத் தொடங்குவார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் அதே இடத்தில் 'கொடுக்கப்பட்டவை' என்று இருக்கும். யூக்ளிட் நினைத்ததும் இதையேதான்.

தரவையும் தகவலையும் ஒன்றாகக் கலந்து எழுதுவது இப்போது பரவலாக இருக்கிறது. அதை விட்டுவிடுவது நல்லது. மழைமானியில் பதிந்த 42 என்ற எண் தரவு. 'நேற்று எங்கள் ஊரில் 42 மில்லிமீட்டர் மழை பெய்தது' என்பது தகவல். தரவை இடம், காலம், அலகு ஆகியவற்றோடு சேர்த்துப் பொருள்கொண்டால்தான் அது தகவல் ஆகும்.

அடுத்தது பேஸ். கிரேக்க 'பாசிஸ்' என்பதற்கு அடியெடுத்து வைத்தல் என்றும், அடி வைத்து நிற்கும் பீடம் என்றும் பொருள். (நம் 'அடி'க்கும் நடை, பாதம், கீழ்ப்பகுதி என்று மூன்று பொருளும் உண்டு.) டேட்டாவும் பேஸும் சேர்ந்த கதை மிக அண்மையது. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்க வான்படையின் வான்காப்புத் திட்டத்துக்குக் கணினி நிரல் எழுதிய சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தின் வட்டாரத்தில் இந்தத் தொடர் புழங்கத் தொடங்கியது. 1963 ஜூனில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் அந்த நிறுவனம் நடத்திய கருத்தரங்கின் தலைப்பிலேயே 'டேட்டா பேஸ்' என்று இரண்டு சொல்லாக இடம்பெற்றது. அதுவரை ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு கோப்பு வைத்திருந்தது. ஒரே விவரம் நாலு இடத்தில் கிடக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்ற மூன்றும் பழையபடியே இருக்கும். எல்லோரும் வந்து எடுத்துக்கொள்ளும் ஒரே பொது இருப்பு வேண்டும் என்ற தேவைதான் இந்தச் சொல்லைப் பிறப்பித்தது. 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் எழுதிய கட்டுரை, தரவைக் கிடைவரிசையும் நெடுவரிசையுமான அட்டவணைகளாக வைத்து, அவற்றுக்கிடையே உறவு ஏற்படுத்தும் வழியைக் காட்டியது. இன்று வங்கிக் கணக்கு முதல் ரயில் முன்பதிவு வரை பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடுகிறது.

இதற்குத் 'தளம்' என்று தமிழில் வைத்தது பொருத்தமான தேர்வு. படைத்தளம், விமானத்தளம் என்று முன்பே பழகிய சொல். ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, வேண்டும்போது அங்கிருந்து எடுத்துச் செல்லும் இடம் என்ற கருத்து அதில் இருக்கிறது. தளம் தனித்தமிழா, வடமொழியின் 'தல'த்தோடு தொடர்புள்ளதா என்று கேட்போர் உண்டு. என் கருத்தில், இவ்வளவு ஊன்றிவிட்ட சொல்லை அதற்காக மாற்ற வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கணினி அறிவியல் பாடநூலும் இலங்கைப் பாடநூலும் தரவுத்தளம் என்றே எழுதுகின்றன. இரு கரையிலும் ஒரே கலைச்சொல் அமைவது எத்தனை சொல்லுக்கு வாய்க்கிறது?

சரி, அப்படியானால் தரவுத்தளம் என்றால் நிறையத் தரவு குவிந்த இடம் என்று பொருளா? இல்லை. குவியல் தளம் ஆகாது. ஒழுங்காக அடுக்கி, எந்த வழியில் தேடினாலும் எடுக்க முடிகிற அமைப்பு இருந்தால்தான் அது தரவுத்தளம். இதை மாணவருக்கு விளக்க அகநானூற்றைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 400 பாட்டு. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 முல்லை, 6 மருதம், 10, 20 என்று சுழியத்தில் முடிந்தால் நெய்தல். 36ஆம் பாட்டு என்ன திணை? புத்தகத்தைத் திறக்காமலே மருதம் என்று சொல்லிவிடலாம். 70? நெய்தல். எண்ணைக் கொண்டு திணையையும், திணையைக் கொண்டு பாட்டுகளையும் அடையலாம். கணினிக்காரர்கள் சொல்லும் 'கீ'யின், அதாவது ஒன்றைத் தனியாக அடையாளம் காட்டும் குறியின் வேலையை அந்தத் தொகுப்பாளர் பாட்டெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.

புறநானூற்றில் இது வேறு விதமாக நடக்கிறது. பாட்டின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறிப்பு இருக்கும். இந்த நாலும்தான் இன்றைய மொழியில் நாலு புலங்கள். ஒரு பாட்டும் அதன் குறிப்பும் சேர்ந்தது ஒரு பதிவு. 'ஔவையார் அதியமானைப் பாடியவை எவை' என்று கேட்பது ஒரு வினவல். பாடியவர் என்ற புலத்திலும் பாடப்பட்டவர் என்ற புலத்திலும் ஒரே நேரத்தில் தேடச் சொல்கிறோம். சில பாட்டில் சில புலம் காலியாகவே இருக்கிறது. குறுந்தொகையின் 40ஆம் பாட்டுக்குப் புலவர் பெயர் கிடைக்காதபோது 'செம்புலப் பெயல்நீர்' என்ற பாட்டின் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று நிரப்பிவிட்டார்கள். அந்தப் பெயர் வழியாக இன்றும் நாம் அந்தப் பாட்டை அடைகிறோம். பதிவுக்கு ஒரு கைப்பிடி எவ்வளவு தேவை என்பதை அந்தத் தொகுப்பாளர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நூலகத்தில் டேட்டாபேஸ் என்று சொல்வது இதன் ஒரு சிறப்பு வகை. அதன் வரலாறு கணினிக்கும் முன்னால் போகிறது. 1879இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ், மருத்துவ இதழ்களில் எந்தப் பொருளில் என்ன கட்டுரை வந்திருக்கிறது என்று வரிசைப்படுத்தி 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற பட்டியலை வெளியிடத் தொடங்கினார். அந்தப் பட்டியல் வேலை 1964இல் கணினிக்கு மாறியது. அதன் வழிவந்ததுதான் இன்று யாரும் இலவசமாகத் தேடக்கூடிய பப்மெட். கல்வித்துறைக்கு இதே வேலையைச் செய்வது, 1960களில் அமெரிக்க அரசு தொடங்கிய எரிக். ஜேஸ்டோரின் பிறப்பு வேறு. பழைய ஆய்விதழ்களை வைக்க நூலக அலமாரியில் இடம் போதவில்லை என்ற நெருக்கடியில் 1995இல் தொடங்கியது. பெயரே 'ஜர்னல் ஸ்டோரேஜ்' என்பதன் சுருக்கம்.

ஆசிரியர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒன்று, கட்டுரை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும்: தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு, ஒரு சுருக்கம். இன்னொன்று கட்டுரையையே முழுதாகத் தரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் டேட்டாபேஸ் என்றே பெயர். மாணவர் முதல் வகையில் தேடிவிட்டு 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று திரும்பிவிடுகிறார். தமிழில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க வழி இருக்கிறது. 'அடைவு' என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. சொல்லடைவு, நூலடைவு என்று பதிப்பாசிரியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே குறிப்பு மட்டும் தருவதை 'ஆய்விதழ் அடைவு' என்றும், கட்டுரையையும் தருவதை 'முழுவுரைத் தரவுத்தளம்' என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. பப்மெட் பெரும்பாலும் அடைவு, ஜேஸ்டோர் முழுவுரை, எரிக் இரண்டும் கலந்தது.

டேட்டாபேஸுக்கு வேறு தமிழ்ச் சொற்களும் புழங்குகின்றன. 'தகவல் களஞ்சியம்' கேட்க அழகாக இருந்தாலும் கலைக்களஞ்சியத்தோடு குழம்பும். 'தரவகம்' என்பதை மொழியியலார் மொழி மாதிரிகளின் பெருந்தொகுப்பைக் குறிக்க எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதை அவர்களிடமே விடலாம். எனக்கு மிகப் பிடித்தது 'அடங்கல்'. கிராமக் கணக்கில் 2ஆம் எண் அடங்கல்தான். புல எண் வாரியாகப் பரப்பு, பயிர் என்று கட்டம் கட்டி எழுதும் பதிவேடு. மூவர் தேவாரம் முழுவதையும் 'அடங்கன்முறை' என்பார்கள். எல்லாம் அடங்கியது, முறைப்படி அடங்கியது என்ற இரண்டு கருத்தும் அதில் இருக்கிறது. ஆனாலும் அடங்கல் என்றவுடன் கிராம நிர்வாக அலுவலர் நினைவுக்கு வரும் நாட்டில் அதைப் பொதுச்சொல்லாக்க முடியாது. தரவுத்தளமே நிற்கட்டும்.

அப்புறம், யாருக்கு எது கிடைக்கும் என்ற கேள்வி. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 ஆய்விதழ். ஆனால் அது மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்குமானது. பள்ளிகள் அதில் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் நல்ல கட்டுரை தேடினால் அவருக்கும் வழி இருக்க வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டிய நேரம் இது. இப்போதைக்குப் பள்ளி ஆசிரியருக்குக் கைகொடுப்பவை இலவசமானவை. எரிக்கில் ஆய்வாளர் மதிப்பீடு பெற்ற கட்டுரைகளை மட்டும் வடிகட்டிக் கேட்கலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இயல் இயலாகக் கிடைக்கின்றன. தமிழில் எழுதியவையும் உண்டு. ஜேஸ்டோரில் பெயர் பதிந்துகொண்டால் மாதத்துக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் இருக்கிறது. பழந்தமிழ் நூல்களுக்கு 1998 முதல் மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பு.

வகுப்பில் பழக்கிப் பார்க்கக் கீழடி நல்ல தலைப்பு. ஆங்கிலத்தில் அந்த ஊர்ப்பெயரின் ழகரத்தைச் சிலர் 'எல்' என்று எழுதுகிறார்கள், சிலர் 'இசட் ஹெச்' என்று எழுதுகிறார்கள். ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்தால் மற்ற வடிவத்தில் எழுதிய கட்டுரை வராது. இரண்டையும் 'ஆர்' (அல்லது) என்ற இணைப்புச் சொல்லால் சேர்த்துக் கேட்க வேண்டும். அதோடு 'ஆண்ட்' (மற்றும்) போட்டுப் 'பானை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் பட்டியல் சுருங்கும். இப்படித் தேடக் கொடுக்கும் சொல்தான் திறவுச்சொல். சரியான பூட்டில் போட்டால்தான் திறக்கும்.

தமிழில் தேடும்போது சிக்கல் இன்னும் கூடுதல். 'மரம்' என்று தேடினால் மரத்தில், மரத்தை எல்லாம் தப்பிவிடும். சரி, 'மர' என்று குறைத்தால் மரபும் மரணமும் சேர்ந்து வந்து நிற்கும். களிறு தேடுகிறவர் 'களிற்' என்றும் ஒருமுறை தேட வேண்டும். மாணவருக்கு வேற்றுமையும் சாரியையும் புணர்ச்சியும் தேர்வுக்கு வெளியே பயன்படும் இடம் இது. இலக்கண வகுப்பை இதைவிட உயிரோடு நடத்த வேறு வாய்ப்பு கிடைப்பது கடினம். ஒளிப்படமாக வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றிய நூல்களில் உள்ளே தேடவே முடியாது என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அங்கே தலைப்பும் ஆசிரியர் பெயரும்தான் வழி, அதாவது புலங்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. புலம், பதிவு, வினவல், திறவுச்சொல் ஆகிய நாலு சொல்லும் தெரிந்த மாணவர் அந்த நேரத்தைத் தானே காப்பாற்றிக்கொள்வார்.

சொல்லின் பொருளிலிருந்து மேற்கோள் முறையும் வருகிறது. 'ஆதாரம்: ஜேஸ்டோர்' என்று மாணவர்கள் எழுதுவதுண்டு. ஜேஸ்டோர் தளம்தான், ஆதாரம் அதில் இருக்கும் கட்டுரை. கட்டுரையாளர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் ஆகியவை முதலில் வர வேண்டும். எந்தத் தரவுத்தளத்தில் எடுத்தது என்பது அதற்குப் பிறகு.