ஏகாதிபத்தியம்: சொல் எங்க இருந்து வந்துச்சு, சரியான தமிழ் எது?

ஒரு நாடு அடுத்த நாடுகளை அடக்கி ஆளுறதை இங்கிலீஷ்ல இம்பீரியலிசம்னு சொல்வாங்க, அதைத்தான் நாம ஏகாதிபத்தியம்னு எழுதுறோம். அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு வேர் லத்தீன்ல இம்பேரியம், அதாவது ஆணை போடுற அதிகாரம். இங்கிலீஷ்காரங்க 1850கள்ல இதை பிரான்ஸை ஆண்ட மூணாம் நெப்போலியனோட ஆட்சியைக் குறிக்கத்தான் அதிகமா பயன்படுத்தினாங்க, அதுவும் மட்டம் தட்டித்தான். அப்புறம் 1876ல பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி விக்டோரியா ராணிக்கு இந்தியாவின் பேரரசின்னு பட்டம் கொடுக்க சட்டம் கொண்டுவந்தப்போ எதிர்க்கட்சிக்காரங்க அதே சொல்லை எடுத்து அவர் மேலயே வீசினாங்க. 1877 ஜனவரி 1 அன்னிக்கு இந்தியாவோட வைசிராய் லிட்டன் பிரபு டெல்லில தர்பார் நடத்தி அந்தப் பட்டத்தை ஊரறிய அறிவிச்சாரு, அதே நேரத்துல சென்னை மாகாணம் முழுக்க தாது வருஷப் பஞ்சத்துல ஜனங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டு இருந்தாங்க. இதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

சரி, பிரிட்டிஷ்காரங்க எதுக்காக நாடு நாடா பிடிச்சாங்க? மதம், நாகரிகம், அடிமை வியாபாரத்தை ஒழிக்கிறதுன்னு சொன்னாங்க, மனசார நம்பினவங்களும் இருந்தாங்கதான். ஆனா எகிப்தை எடுத்துப் பாருங்க. 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும் இந்தியாவுக்கு வர்ற வழி அதுதான்னு ஆயிடுச்சு, 1875ல கடன்ல மூழ்கிக் கிடந்த எகிப்து மன்னர் இஸ்மாயில் தன்கிட்ட இருந்த கால்வாய் பங்குகளை விற்க, டிஸ்ரேலி ராத்ஸ்சைல்டு வங்கில 40 லட்சம் பவுன் கடன் வாங்கி அதை வாங்கிப் போட்டாரு. அப்புறம் எகிப்து எகிப்தியருக்கேன்னு எகிப்து ராணுவ அதிகாரி உராபி கிளம்பினதும் 1882ல அலெக்சாண்ட்ரியா மேல குண்டு போட்டு நாட்டையே பிடிச்சாங்க. பிடிச்சது யாரு, டிஸ்ரேலியோட கொள்கையை மேடை மேடையா திட்டிட்டு அப்புறம் தானே பிரதமரான கிளாட்ஸ்டன்! அவரோட சொந்த முதலீட்டுலயே மூணுல ஒரு பங்குக்கு மேல எகிப்து கடன் பத்திரமா இருந்துச்சு. கால்வாயும் கடன் வசூலும்தான் முக்கியம்னு நான் அடிச்சுச் சொல்வேன், ரஷ்யா பிரான்ஸ் மேல இருந்த பயமும் கூடவே இருந்துச்சு.

இப்போ தமிழுக்கு வருவோம். ஏகாதிபத்தியம் வடமொழிச் சொல், ஏக + ஆதிபத்தியம், அதாவது ஒருத்தரே தனியா ஆளுறது. இது எகிப்துக்குப் பொருந்தவே இல்ல, அங்க மன்னர் அரியணைலயே இருந்தாரு, பேருக்கு துருக்கி சுல்தானோட நாடு, ஆனா 1883ல இருந்து 1907 வரைக்கும் அதிகாரம் பண்ணது க்ரோமர் பிரபுங்கிற பிரிட்டிஷ் கான்சல் ஜெனரல், அதாவது பேருக்கு வெறும் தூதரக அதிகாரி. தனித்தமிழ்ல பேரரசியம்னு எழுதுறாங்க, ஆனா பேரரசுன்னாலே நமக்கு சோழர் ஞாபகம் வந்து ஒரு பெருமை ஒட்டிக்குது, அது இங்க வேண்டாம். வல்லாதிக்கம்னு எழுதுறதுதான் என் வரைக்கும் சரி, பலத்தால அடுத்தவன் மேல ஏறி உட்காருறதுங்கிறது அதுல நேராவே தெரியுது. ஆதிக்கமும் வடமொழி வழி வந்ததுதான், அது உறுத்துச்சுன்னா வல்லாண்மைன்னு எழுதுங்க.