எழுதியதெல்லாம் வெளியே போக வேண்டுமா?

"நான் எழுதினதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்புறம் ஏன் எனக்கு இப்படிக் கூசுது?"

கருச்சிதைவைப் பற்றி நள்ளிரவில் நீண்ட பதிவொன்றை எழுதி, எழுதிய கையோடு வெளியிட்டுவிட்ட ஒரு பெண், பத்து நாள் கழித்து என் முன்னால் உட்கார்ந்து கேட்ட கேள்வி இது. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.) பதிவுக்கு நிறைய ஆறுதல் வந்திருந்தது. சிலர் தங்கள் இழப்பையும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த நாளில் கணவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் அதில் இருந்தன. அலுவலகத்தில் முகம் மட்டும் தெரிந்த ஒருவர் லிஃப்டில் அதைப் பற்றி அன்பாகவே விசாரித்தார். அங்கேதான் அந்தப் பெண் உடைந்துபோனார்.

மனநல ஆலோசகராக இந்தக் கூச்சத்தைப் பலரிடம் பார்த்துவிட்டேன். உண்மையை எழுதிவிட்டோமே என்று அவர்கள் வருந்துவது குறைவு. எழுதுவதும் வெளியிடுவதும் ஒரே மூச்சில் நடந்துவிட்டதே என்பதுதான் அவர்களை அரிக்கிறது.

எழுதினால் மனப்பாரம் குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்திருந்தது. பின்னால் நடந்த பல ஆய்வுகளில் இந்தப் பலன் சிறியதாகவே தெரிந்தது என்றாலும், பலன் இருந்தது.

இந்த ஆய்வில் இரண்டு விஷயங்களை நான் எல்லோரிடமும் சொல்வேன். எழுதியது யார் என்று வெளியே தெரியாது என்ற உறுதி அந்த மாணவர்களுக்கு இருந்தது. கைதட்டவோ கேள்வி கேட்கவோ யாரும் இல்லை. இன்னொன்று, எழுதி முடித்தவுடன் அவர்களுடைய மனநிலை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. நன்மை பின்னால் மெதுவாக வந்தது. அப்படியானால் எழுதி முடித்த அந்த நிமிடம், மனம் மிகவும் புண்பட்டு நிற்கும் நிமிடம். நம்மில் பலர் பதிவை வெளியிடும் பொத்தானை அழுத்துவது சரியாக அப்போதுதான்.

என் அறையில் ஒருவர் பேசும்போது குரல் தடுமாறினால், "கொஞ்சம் நிறுத்திக்கலாமா?" என்று கேட்பேன். திரைக்கு முன்னால் அப்படிக் கேட்க ஆள் இல்லை. எதிரில் முகம் தெரியாதபோது, நேரில் சொல்லத் துணியாததையும் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள் என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

அடுத்தது, நம் கதையில் இருக்கும் மற்றவர்கள். குடிக்கு அடிமையான அப்பாவைப் பற்றி உருக்கமாக எழுதியவர் ஒருவர் வந்தார். எழுதியது அத்தனையும் அவர் பட்டது. ஆனால் அவருடைய தங்கை, "அது எனக்கும் அப்பாதானே, என்னை ஏன் கேட்கலை?" என்று கேட்டுவிட்டுப் பேசுவதை நிறுத்திவிட்டார். யார் பக்கம் நியாயம் என்றால், இரண்டு பக்கமும்தான். தங்கையின் அனுமதி இருந்தால்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வெளியிடும் முன் படிக்கக் கொடுத்திருக்கலாம். தங்கை அழுத காட்சியை மட்டுமாவது விட்டிருக்கலாம். அந்தக் காட்சி அவருடையது.

குழந்தைகள் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு. படுக்கையை நனைப்பது, படிப்பில் திணறுவது, மருந்து, சிகிச்சை எதுவானாலும் பெற்றோர் எழுத வேண்டாம் என்பேன். குழந்தைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 16-ஆவது பிரிவில் சொல்கிறது.

"பெயரைத்தான் மாற்றிவிட்டேனே" என்பார்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் அமெரிக்காவில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண முடியும் என்று லடான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர் 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். தெரிந்தவர்களுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. இரட்டையரில் மூத்தவர், செவிலியர், இரண்டு முறை திருமணம் ஆனவர் என்றால் போதும். பிறகு அழித்துக்கொள்ளலாம் என்பதையும் நம்ப வேண்டாம். பழைய தகவலுக்கான இணைப்பைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கோரலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. அப்போதும் மூலப் பக்கம் அப்படியேதான் இருந்தது. திரைப்பிடிப்பு எடுத்துவைத்தவரை எந்தத் தீர்ப்பும் எட்டாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அதனால் வாயை மூடிக்கொள்" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வன்முறைக்கு ஆளானவர்களைக் குடும்ப மானம் என்ற பெயரில் ஊமையாக்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். எனவே ஒன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று குழம்பும்போது, இந்த மௌனம் யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன். உங்களுக்கு நிம்மதி தருகிறதென்றால் அது உங்கள் அந்தரங்கம், வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் காயப்படுத்தியவரை மட்டும் அது காப்பாற்றுகிறதென்றால் பேசுங்கள். ஆனால் முதலில் நம்பிக்கையான ஒருவரிடம், தேவைப்பட்டால் ஒரு வழக்கறிஞரிடம்; அதற்குப் பிறகு ஊருக்கு.

மற்றபடி நான் தரும் பயிற்சி எளிது. முதலில் எல்லாவற்றையும் பெயரோடும் கோபத்தோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள். சில வாரம் கிடக்கட்டும். பிறகு அதை ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் நாளைக்கு இதைப் பற்றிக் கேட்டால் நின்று பதில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாத பத்தி நோட்டிலேயே இருக்கட்டும்.

அந்தப் பெண் பழைய பதிவை நீக்கிவிட்டார். ஏழெட்டு மாதம் கழித்து அதே இழப்பைப் பற்றி மறுபடியும் எழுதி, இந்த முறை கணவரிடமும் காட்டிவிட்டு வெளியிட்டார். பாதி நீளம்தான். அந்த இரண்டு வாக்கியங்கள் அதில் இல்லை. "அது எங்க ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது, மேடம். இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கோம்" என்றார்.