டின்மேல் இருக்கும் ‘இன்’

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆரம்பித்து பேரணாம்பட்டு, ஆம்பூர் வரைக்கும் ஷூ கம்பெனிகளில் தீப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன சித்திரையில் ஒரு கம்பெனியில் பசை ஒட்டும் வரிசையைப் பார்த்துக்கொண்டே போனேன். ஹீட்டர் மெஷினிலிருந்து ஒரு முழம் தள்ளி, மூடி திறந்தபடி தின்னர் டின். அதன்மேல் சிவப்பில் கொட்டை எழுத்தில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த பெண் பிளஸ் டூ முடித்தவள், குடியாத்தம் பக்கம்.

“ஏம்மா, இதை ஏன் இங்க வெச்சிருக்க?”

“இது பத்திக்காது சார், மேலயே போட்டிருக்கே. இன்கரெக்ட்னா கரெக்ட் இல்ல, இன்விசிபிள்னா கண்ணுக்குத் தெரியாது. அப்போ இது பத்திக்காதுன்னுதானே சார் அர்த்தம்?”

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது, ஏனென்றால் அந்த வரிசையில் இன்னும் எத்தனை பேர் அதே கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்களோ தெரியாது.

விஷயம் இதுதான். லத்தீனில் ஒரே உருவத்தில் இரண்டு ‘இன்’ உண்டு. ஒன்று ‘இல்லை’ என்று மறுக்கும். நம் அநாவசியம், அநியாயத்தில் முன்னால் நிற்கிற சமஸ்கிருத மறுப்புக்கு அது தூரத்துச் சொந்தம், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. இன்னொரு ‘இன்’ உள்ளே, மேலே என்று சொல்லும். ‘ஃபிளம்மா’ என்றால் தீச்சுடர், ‘இன்ஃபிளம்மாரே’ என்றால் தீ மூட்டுதல். டின்மேல் இருப்பது இந்த இரண்டாவது ‘இன்’, அதாவது எளிதில் தீப்பற்றும் என்றுதான் அது கத்துகிறது.

பயிற்சியில் இதைத் தமிழை வைத்துத்தான் புரிய வைப்பேன். அநியாயத்தில் உள்ள ‘அ’ மறுக்கிறது, அவ்வூரில் உள்ள ‘அ’ சுட்டுகிறது. அமாவாசையில் இரண்டும் கிடையாது, ‘அமா’ என்றால் சேர்ந்து, சூரியனும் சந்திரனும் சேர்ந்திருக்கும் நாள். நமக்குக் குழப்பம் வராது, பிறந்ததிலிருந்து கேட்கிறோம். ஆங்கிலத்தை டின்மேல் மட்டும் பார்க்கிற பெண்ணுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே இந்தப் பயம் வந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய தீப் பாதுகாப்புச் சங்கம் 1920-களிலேயே ‘இன்’னை வெட்டிவிட்டு ‘ஃபிளேமபிள்’ என்று எழுதச் சொன்னது, பிரிட்டன் தர நிறுவனமும் 1959-ல் அதையே சொன்னது. நம் பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிற டேங்கர்களின் முதுகில் இன்னும் பழைய சொல்லைப் பார்க்கிறேன்.

டின்னிலும் அதோடு வரும் பாதுகாப்புத் தாளிலும் இந்த இரண்டு ‘இன்’னும் கலந்தே கிடக்கும். ‘இன்ஹலேஷன்’ மூச்சில் உள்ளே போவது, ‘இன்ஜெஸ்ஷன்’ வாய்வழியாக உள்ளே போவது. ‘இன்னாக்யுவஸ்’ கெடுதல் செய்யாதது. பூங்கொடி, பூந்தோட்டம், பூம்பொழில் என்று அடுத்த எழுத்துக்கு ஏற்ப மூக்கொலி மாறுகிற மாதிரி லத்தீன் ‘இன்’னிலும் மாறும், அதனால் ‘இம்மிசிபிள்’ என்றால் கலக்காதது. இது முக்கியம். தின்னரில் சேர்க்கிற தொலுயீன் என்ற திரவம் தண்ணீரில் கலக்காது, அதைவிட லேசு, எரிகிற தொலுயீன்மேல் பக்கெட் தண்ணீரைக் கொட்டினால் அது மிதந்துகொண்டே தீயை அடுத்த மேஜைக்குக் கொண்டுபோகும். நுரை அல்லது உலர்பொடி அணைப்பான்தான் வேண்டும். அதுவும் ‘இன்சிப்பியன்ட்’ கட்டத்தில். இதில் இருப்பதும் இரண்டாவது ‘இன்’தான், லத்தீனில் ‘கப்பேரே’ என்றால் எடுத்தல், கையில் எடுத்துத் தொடங்குவது, அதாவது தீ பிறந்த அந்த முதல் கட்டம். அதைத் தாண்டிவிட்டால் அணைப்பானை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடி 101-ஐக் கூப்பிடுங்கள்.

அன்றைக்கு அந்தப் பெண்ணையும் மற்றவர்களையும் வெளியே வெட்டவெளிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு தட்டில் ஒரு ஸ்பூன் தின்னர் ஊற்றி, நீளக் கம்பி நுனியில் எரியும் பஞ்சை மெதுவாகக் கொண்டுபோனேன். பஞ்சு தின்னரைத் தொடவே இல்லை. ஒரு சாண் இருக்கும்போதே ‘பக்’கென்று தட்டு முழுக்கப் பிடித்துக்கொண்டது. எரிவது மேலே பரவி நிற்கிற ஆவி. தொலுயீனுக்கு 4 டிகிரி செல்சியஸிலேயே, தின்னரில் சேர்க்கிற இன்னொரு திரவமான அசிட்டோனுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே 20 டிகிரியிலேயே, பற்றிக்கொள்கிற அளவுக்கு ஆவி வந்துவிடும். நம் வேலூர் வெயில் 40-ஐத் தாண்டும்.

இன்னொரு சொல்லும் உண்டு, அது தமிழில்தான் இருக்கிறது: காலி. வோர்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் பிழைப்புக்குத் தீ இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர், ‘காலி’ பெட்ரோல் பேரல் என்ற பேச்சே ஆட்களை அசட்டையாக்குகிறது என்று எழுதினார். நிரம்பிய பேரலைவிடக் காலி பேரல்தான் ஆபத்து, அதில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். இங்கே கோடையில் தண்ணீர் பிடிக்கக் காலி டிரம் வாங்கி, மேல்மூடியை வெல்டிங் பட்டறையில் கொடுத்து வெட்டச் சொல்கிறார்கள். ஒரு தீப்பொறி போதும், டிரம் வெடிக்கும். கெமிக்கல் டிரம்மைக் கழுவினாலும் குடிதண்ணீருக்கு ஆகாது. கம்பெனிக்காரர்களே, தயவுசெய்து அவற்றை வெளியில் விற்காதீர்கள்.

அந்த வரிசையில் இப்போது டின்களை ஹீட்டரிலிருந்து தள்ளித் தனி அலமாரியில் வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சுடர் படம் போட்ட சிவப்புச் சாய்சதுர ஸ்டிக்கருக்குக் கீழே, ‘சீக்கிரம் தீப்பிடிக்கும்’ என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எழுதியது அந்தக் குடியாத்தம் பெண்.