சின்ஜு நொ மொரி: ஜப்பானியக் கோயில்காடு

கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி போல எப்போதும் கூட்டம் திரளும் கோயில்களை விட்டு விலகி, ஜப்பானியச் சிற்றூர் ஒன்றின் ஷிண்டோ என்னும் மரபுச் சமயத்தின் கோயிலுக்குச் செல்பவரின் கண்ணில், நெல்வயல்களுக்கு நடுவே இருண்டு அடர்ந்து நிற்கும் மரத்தொகுதிதான் முதலில் படும். தொரீ என்னும் வாயிலைக் கடந்து அந்த நிழலுக்குள் நடந்த பிறகே கோயில் தெரியும். பூசகர் தங்கியிராத கோயில்களே நாட்டுப்புறத்தில் மிகுதி. ஒருவரே பல கோயில்களைக் கவனித்துக்கொள்வதால், பெரும்பாலான நாட்களில் அங்கே மரங்களைத் தவிர வேறு துணை இராது. இந்த மரத்தொகுதிக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர் சின்ஜு நொ மொரி.

இதில் மொரி என்பது காடு. நொ என்பது உடைமைப் பொருள் தரும் உருபு. சின்ஜு என்பது சீனத்திலிருந்து வந்த இரண்டு எழுத்துகளால் ஆனது: முதலாவது அடக்கி அமைதிப்படுத்துதலையும் இரண்டாவது காத்தலையும் குறிக்கும். தொடக்கத்தில் இது படைத்துறைச் சொல். பண்டைய ஜப்பானிய அரசு தன் வடகிழக்கு எல்லையில் நிறுவிய படைத்தலைமையகத்தின் பெயர் சின்ஜுஃபு. பின்னர் பௌத்த மடங்கள் தம் நிலத்தைக் காக்க எழுந்தருளச் செய்த தெய்வங்களையும், அதன் பிறகு ஊரைக் காக்கும் தெய்வங்களையும் இச்சொல் குறிக்கலாயிற்று. குலத்தோடு பிணைந்த தெய்வத்துக்கு உஜிகாமி என்று வேறு பெயர் உண்டு. காலப்போக்கில் இவ்விரண்டும் மக்கள் வழக்கில் கலந்துவிட்டன என்றாலும், உஜிகாமியைக் குலதெய்வம் என்றும் சின்ஜுவைக் காவல்தெய்வம் என்றும் பிரித்துச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே சொற்கள் இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

மொரி என்ற சொல்லை நான் இன்னும் முதன்மையாகக் கருதுகிறேன். 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷு என்ற கவிதைத் தொகுப்பின் பாடல்களில், கோயிலைக் குறிக்கும் எழுத்தையே மொரி என்று வாசிக்கும் இடங்கள் உள்ளன. அதாவது, கட்டடம் எழுவதற்கு முன்பே காடு கோயிலாக இருந்தது. நாரா மாவட்டத்தின் ஓமிவா கோயிலில் இன்றும் கருவறை கிடையாது. 467 மீட்டர் உயரமுள்ள மிவா மலையே அங்கே தெய்வத்தின் இருப்பிடமாக வணங்கப்படுகிறது.

எனவே இதை நந்தவனம் என்று பெயர்ப்பது பொருந்தாது, ஏனெனில் நந்தவனம் கோயிலின் பூத்தேவைக்காக வளர்க்கப்படுவது. தலமரம் என்பதும் சரியன்று. வைக்கோற்புரி சுற்றப்பட்ட ஒற்றைப் புனித மரத்துக்கு ஜப்பானியத்தில் ஷின்போகு என்ற தனிச்சொல் இருப்பதால், தலமரத்தை அதற்கே ஒதுக்கிவிடலாம். சின்ஜு நொ மொரிக்கு நிகரான தமிழ்ச்சொல் கோயில்காடு. அய்யனார் கோயிலைச் சூழ்ந்து, விறகுக்குக்கூட வெட்டப்படாமல் நிற்கும் காட்டுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் அதே பெயர் இது. சுருக்கமாகச் சொல்ல வேண்டுமெனில் கா என்பதும் தகும். முருகன் உறையும் இடங்களை அடுக்கும் திருமுருகாற்றுப்படை ‘காடும் காவும்’ என்கிறது. கா என்ற ஓரெழுத்தே தமிழில் சோலை, காத்தல் என்னும் இரு பொருளையும் தாங்குவதால் சின்ஜுவின் காவலும் மொரியின் மரமும் அதில் ஒருங்கே அடங்கிவிடுகின்றன.

இக்காடுகள் எப்போதும் காக்கப்பட்டன என்று எண்ணிவிடக் கூடாது. 1906இல் அரசு பிறப்பித்த கோயில் இணைப்பு ஆணையால், ஏறத்தாழ 2 லட்சமாக இருந்த கோயில்களில் பல்லாயிரம் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டு, அவற்றின் மரங்கள் வெட்டி விற்கப்பட்டன. வக்கயாமாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர் மினகத்தா குமகுசு இதை விடாது எதிர்த்தார். 1910இல் சிறையிலும் அடைக்கப்பட்டார். ஒரு காடு அழிந்தால் அதில் வாழும் சிற்றுயிர்களும் ஊரின் வழிபாடும் சேர்ந்தே அழியும் என்பது அவர் வாதம். அவர் காக்கப் போராடிய தனாபே விரிகுடாவின் கஷிமா தீவுக்காடு 1935இல் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இப்போது பரவலாக வழங்கும் மியாவாக்கி காடு என்ற தொடருக்கும் இச்சொல்லோடு நேரான உறவு உண்டு. தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021), ஒரு நிலத்தில் மனிதர் தலையிடாவிட்டால் எந்த மரங்கள் வளரும் என்பதை அறிய, பழைய கோயில்காடுகளில் எஞ்சியிருந்த தபு, ஷீ, கஷி போன்ற பசுமைமாறா மரங்களையே சான்றாகக் கொண்டார். அந்தந்த மண்ணுக்குரிய மரங்களை நெருக்கமாக நடும் முறை அந்த ஆய்விலிருந்து பிறந்தது. ஆகவே அம்முறையில் இங்கே மரம் நடுவோர், கன்றுகளின் பட்டியலைத் தம் பகுதிக் கோயில்காட்டைப் பார்த்து எழுதுவதே அந்த முறைக்கு நேர்மையானது.