எண்ணிக்கைக்கு முன்னால் அலகு

ஒரு பறவையினம் நலிகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் தலையை எண்ணத்தான் முதலில் தோன்றும். ஆனால் எண்ணிக்கை குறைவது தெரிகிறபோது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதற்குப் பல வருடம் முன்பே உடம்பு காட்டிக் கொடுத்துவிடும்.

ரெட் நாட் என்ற கரைப்பறவையைப் பாருங்கள். நம் கோடியக்கரைக்கு வந்து சேறு கிளறும் உள்ளான்களின் சொந்தக்காரப் பறவை. இதில் ஒரு பிரிவு சைபீரியாவின் தைமிர் தீபகற்பத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டேனியா கடற்கரைக்குப் போகும். தைமிரில் பனி உருகியதும் பூச்சிகள் மொய்க்கும். குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. இப்போது அந்தப் பனி வருடத்துக்கு அரை நாள் வீதம் முந்தி உருகுகிறது. 33 ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களில் கணக்கிட்டால் இரண்டு வாரத்துக்கும் மேல். தாய்ப்பறவைகளால் அந்த வேகத்துக்கு முந்த முடியவில்லை. குஞ்சு வெளியே வரும்போது பந்தி பாதி முடிந்திருக்கிறது.

அரை வயிற்றோடு வளர்ந்த குஞ்சு சின்ன உடம்பும் குட்டை அலகுமாகத் தெற்கே கிளம்புகிறது. மொரிட்டேனியாவில் ரெட் நாட் சேற்றுக்குள் அலகைச் செருகி மட்டியை எடுத்து, ஓட்டோடு விழுங்கி, இரைப்பையில் நொறுக்கும். அங்கே நிறையக் கிடைக்கிற மட்டி ஆழத்தில் புதைந்திருக்கிறது. அலகு சில மில்லிமீட்டர் குறைந்தாலே எட்டாது. அப்புறம் கடற்புல்லின் கிழங்கைத் தின்று சமாளிக்க வேண்டியதுதான். குட்டை அலகோடு வந்தவற்றில் பல, முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை. பறவை ஆய்வாளர் யான் வான் கில்ஸின் குழு 2016-இல் சயின்ஸ் இதழில் இதை விளக்கியது. பனி உருகுவது வடக்கே, சாவு விழுவது தெற்கே. மொரிட்டேனியாவில் மட்டும் நின்று காரணம் தேடினால் எதுவும் பிடிபடாது. என்னை உலுக்கியது இதுதான்.

திமிங்கிலங்களிலும் உடம்பு முன்கூட்டியே பேசியிருக்கிறது. அங்கே காரணம் வேட்டை. பிடித்த ஒவ்வொன்றின் நீளத்தையும் வேட்டைக்காரர்கள் குறித்து வைத்திருந்தார்கள். 1980-களில் பிடிபட்ட ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் 1905-இல் பிடிபட்டவற்றைவிடச் சராசரியாக 4 மீட்டர் குட்டை. இன்னொரு அடையாளமும் உண்டு. நல்ல நிலையில் உள்ள கூட்டம் ஒரு மோசமான வருடத்திலிருந்து சீக்கிரம் தேறிவிடும்; நலிந்த கூட்டம் தேறுவதற்குள் அடுத்த அடி விழும், எண்ணிக்கை நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. சரிவுக்கு 40 ஆண்டு முன்புவரைகூட எச்சரிக்கை அந்தப் பதிவேடுகளிலேயே இருந்தது. வணிக வேட்டைக்குத் தடை அமலுக்கு வந்தது 1986-இல்.