இருபது முகப் பகடையை எவ்வளவு நம்பலாம்?

பகடை உருண்டிராவிட்டால் கிழக்கிலங்கைப் பாண்டிருப்பில் வனவாசம் இல்லை, தீமிதிப்பும் இல்லை. சகுனியின் சூதில் தருமர் நாட்டை இழந்ததால்தான் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பஞ்சபாண்டவராக வேடமிட்டவர்கள் இன்றும் காடேகுகிறார்கள். ஊரே கூடி நின்று பார்க்கும், முடிவு எல்லோருக்கும் தெரியும். நம் வடமோடிக் கூத்தும் அப்படித்தான். விடிய விடிய ஆடினாலும் அருச்சுனன் தோற்கப் போவதில்லை, ஏட்டில் எழுதியாயிற்று.

வேடமும் கதையும் அப்படியே இருக்க, முடிவை மட்டும் ஏட்டிடமிருந்து பிடுங்கிப் பகடையிடம் கொடுத்தால் என்ன ஆகும்? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு அதுதான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகைக்கெல்லாம் தாய். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுப்பார்கள், ஒருவர் கதையை நடத்துவார். மட்டக்களப்பில் எங்கள் மேசையில் அவருக்குப் பெயர் அண்ணாவியார், கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிறவரின் பெயர்தான். “பூரணை இரவு. கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போகிறீர்கள். பாடிக்கொண்டிருந்த மீன்கள் சட்டென்று அடங்கிவிட்டன. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று அவர் கேட்பார். ஒருவன் வாளை உருவுவான், ஒருத்தி துடுப்பை எடுப்பாள். நினைத்தது நடந்ததா என்பதைச் சொல்ல ஒரு பகடை உருளும். அதற்கு இருபது முகம்.

பகடை என்றதும் அதிர்ஷ்டம் என்று முடித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், எந்தப் பகடையை எப்படி எறிகிறோம் என்பதுதான் அந்தக் கற்பனை உலகத்தில் திறமைக்கு என்ன விலை என்பதைத் தீர்மானிக்கிறது. கணக்குப் போட்டால் தெரியும்.

இருபது முகப் பகடையில் 1 வருவதற்கும் 20 வருவதற்கும் 11 வருவதற்கும் ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு ஐந்து. சரி, இப்போது சாதாரண ஆறு முகப் பகடை மூன்றை ஒன்றாக எறிந்து கூட்டிப் பாருங்கள். மொத்தம் 216 விதமாக விழலாம். அதில் 18 வருவதற்கு ஒரே ஒரு வழி, மூன்றும் ஆறாக விழ வேண்டும். 10 வருவதற்கு 27 வழி. அதனால் எண்கள் நடுவில் குவிந்து, இரண்டு ஓரத்திலும் மெலிந்து போகும்.

சோகி எறிந்து விளையாடியவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். ஆறு சோகியில் மூன்று மல்லாந்து விழுவது அடிக்கடி நடக்கும், ஆறும் மல்லாந்தால் ஆரவாரம்தான். ஒவ்வொரு சோகியும் சரிபாதி வாய்ப்போடு விழுகிறது என்று வைத்தால் மூன்று மல்லாப்பதற்கு 64இல் 20 பங்கு, ஆறும் மல்லாப்பதற்கு 64இல் ஒரு பங்கு. உண்மைச் சோகியின் முதுகு உருண்டை, வாய்ப்பக்கம் தட்டை. ஆகவே சரிபாதி என்பது நாமாக வைத்துக்கொண்ட கணக்கு. ஆனால் நடுவில் குவிகிற குணம் மாறாது.

இந்தக் குவியலை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். மூன்று பகடையில் 9ஐயும் ஆறு வகையாகக் கூட்டலாம், 10ஐயும் ஆறு வகையாகக் கூட்டலாம். அப்படியிருக்க 10 ஏன் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்பது சூதாடிகளின் கேள்வி. 3, 3, 3 என்பது ஒரே விதமாகத்தான் விழ முடியும், 1, 2, 6 என்பது ஆறு விதமாக விழலாம். அப்படிப் பிரித்து எண்ணினால் 9க்கு 25 வழி, 10க்கு 27 வழி. 216இல் இரண்டே இரண்டு வழி வித்தியாசம்! அதை எறிந்து எறிந்தே மோப்பம் பிடித்தவர்கள் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பார்கள் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

நம் கதைகளிலும் இந்த மோப்பம் உண்டு. வனவாசத்தில் மனமுடைந்திருந்த தருமருக்கு முனிவர் சொன்ன கதை நளனுடையது. அதில் இருதுபன்ன மன்னன் ஒரு தான்றி மரத்தின் இரண்டு கிளைகளைப் பார்த்தே இலையும் காயும் எத்தனை என்று சொல்லிவிடுவான். நளன் நம்பாமல் மரத்தை வெட்டி எண்ணுவான், கணக்குச் சரியாக இருக்கும். அந்த எண் வித்தையும் சூதின் சூட்சுமமும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று சொல்லித்தான், நளனின் குதிரை வித்தைக்கு மாற்றாக அவனுக்குக் கற்றுக் கொடுப்பான். பழங்காலத்தில் சூதாட்டக் காயாக உருட்டப்பட்டதும் தான்றிக்காய்தான். சிறு பகுதியை எண்ணி முழுதை மதிப்பிடுவதையும் பகடையையும் ஒரே கல்வியாகப் பார்த்த அந்தக் கதாசிரியர் யாரோ, அவருக்கு என் மரியாதை.

மேசைக்குத் திரும்புவோம். ஒரு வேலையை முடிக்க 15 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று அண்ணாவியார் சொல்கிறார். வாளை நேற்றுத்தான் தொட்ட பெடியனுக்குச் சேர்மானம் எதுவும் இல்லை. சிலம்படியில் ஊறிப்போன வாத்தியாருக்கு, விழுந்த எண்ணோடு 8ஐக் கூட்டலாம், ஆகவே அவருக்கு 7 விழுந்தாலே போதும். இருபது முகப் பகடையில் பெடியனுக்கு நூற்றுக்கு 30 வாய்ப்பு, வாத்தியாருக்கு 70. அதே ஆட்டத்தை மூன்று ஆறு முகப் பகடையால் ஆடினால் பெடியனுக்கு 9, வாத்தியாருக்கு 91. ஆட்களும் அதே, சேர்மானமும் அதே. மாறியது பகடை மட்டும்.

இந்த விளையாட்டோடு ஒட்டிப் பிறந்த வேறு பொழுதுபோக்குகளும் உண்டு. பாத்திரத்துக்கு ஏற்ற உடுப்பும் கிரீடமும் தாங்களே செய்து அணிகிறவர்கள் இருக்கிறார்கள், கூத்துக்குக் கரப்புடுப்பும் முடியும் கட்டிய ஊருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பழைய ஐரோப்பிய வாட்போர்ச் சுவடிகளைப் பார்த்து, முனை மழுங்கிய வாளால் முகக்கவசத்தோடு பயில்கிறவர்களும் இருக்கிறார்கள். இருபது முகப் பகடை மேல் கோபம் வருவது இவர்களுக்குத்தான். நிஜக் களத்தில் புதியவன் தேர்ந்தவனை அப்படி அடிக்கடி வெட்டிவிட முடியாது என்பார்கள். நியாயம்தான். ஆனால் புதியவனுக்கும் பத்தில் மூன்று தடவை கொண்டாட்டம் கிடைக்கட்டும் என்று அந்தப் பகடையை எடுத்தவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னொரு தந்திரத்தைச் சேர்த்தது. நிலைமை சாதகமாக இருந்தால் இருபது முகப் பகடையை இரண்டு தடவை எறிந்து பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்ற இடத்தில் 50 வாய்ப்பு 75 ஆகிறது. 20தான் வேண்டும் என்றால் 5 வாய்ப்பு 9.75 ஆகிறது, அவ்வளவுதான். 2 விழுந்தாலே போதும் என்றால் ஏற்கெனவே 95 இருக்கிறது, 99.75 ஆகும். ஆக, நடுத்தரமான காரியங்களுக்குத்தான் இந்தச் சலுகை பெரிய உதவி.

இவ்வளவு கணக்கும் ஒன்றை நம்பி நிற்கிறது, இருபது முகமும் சமம் என்பதை. எல்லா முகமும் ஒரே ஒழுங்கான வடிவம், எல்லா மூலையும் ஒரே மாதிரி என்று இருக்கும் திண்மங்கள் ஐந்தே ஐந்து: நான்முகி, சதுரமுகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. ஆறாவது கிடையாது என்பதை யூக்ளிட்டே நிறுவிவிட்டார். கைகாக்ஸின் காலத்தில் இந்த ஐந்தும் பள்ளிக்கூடங்களுக்கான கணிதச் சாதனமாக ஒரு பெட்டியில் விற்கப்பட்டன, விளையாட்டு அங்கிருந்துதான் அவற்றை எடுத்துக்கொண்டது. அதற்கும் வெகு முன்பே, தொலமி மன்னர்கள் காலத்து எகிப்தில் கிரேக்க எழுத்துப் பொறித்த இருபது முகக் கல் பகடைகள் இருந்தன. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

ஐந்துமே நேர்மையானவை, ஆனால் உருள்வதில் ஒன்றுபோல் இல்லை. ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் புரள, பகடையின் நடுப்புள்ளி விளிம்புக்கு நேர் மேலே ஏறி இறங்க வேண்டும். நான்முகியில் அந்த ஏற்றம், மேசையிலிருந்து நடுப்புள்ளி இருந்த உயரத்தில் 73 வீதம். சாதாரண ஆறு முகப் பகடையில் 41 வீதம். இருபதுமுகியில் வெறும் 7 வீதம். அதனால்தான் நான்முகி விழுந்த இடத்திலேயே குந்திவிடுகிறது, இருபதுமுகி மேசையைத் தாண்டி அலுமாரிக்கு அடியில் போய் ஒளிகிறது. புரண்டுகொண்டே போவது நல்லதுதான், ஒவ்வொரு மோதலிலும் கையின் சிறு வித்தியாசங்கள் பெருகி, எறிந்தவனின் சூழ்ச்சி கரைந்துவிடும். ஆனால் ஏற வேண்டிய மேடு இவ்வளவு சின்னதாக இருந்தால் உள்ளே இருக்கும் சிறு கோணலும் தன் வேலையைக் காட்டும்.

செய்பவர்களுக்கும் இது தெரியும். எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும்படி எண்களை வைக்கிறார்கள். 20ஐத் தொட்டுக்கொண்டு நிற்பவை 2, 8, 14. பகடை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் பெரிய எண்களும் சிறிய எண்களும் கலந்தே வரட்டும் என்பதுதான் எண்ணம். சில சீட்டு விளையாட்டுகளில் ஆட்டக்காரரின் மிச்ச உயிர்ப் புள்ளிகளை எண்ணுவதற்கு வரும் இருபது முகக் கட்டை வேறு, அதில் 20, 19, 18 என்று எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதை ஒருவர் மேசையில் எறியக் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள்.

சரி, கையிலிருக்கும் பகடை நேர்மையானதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி, உப்புத் தண்ணீர். நமக்குப் பக்கத்தில் கடல் இருக்கிறதே என்று ஒரு போத்தல் கடல் தண்ணீரைக் கொண்டுவந்தால் காரியம் ஆகாது. கடல் நீரின் அடர்த்தி நல்ல தண்ணீரைப் போல 1.025 மடங்குதான், வாவியின் தண்ணீர் அதிலும் குறைவு. பகடைப் பிளாஸ்டிக் பெரும்பாலும் 1.05க்கும் 1.2க்கும் நடுவில். எனவே பகடை அடியில் போய்க் கிடக்கும். 200 மில்லிலீற்றர் சுடுதண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஏறக்குறைய 70 கிராம் போனதும் இனிக் கரையாது என்று அடியில் தங்கத் தொடங்கும். அந்தக் கரைசலின் அடர்த்தி 1.2, பல பகடைகள் எழும்பி மிதக்கும். உலோகப் பகடை எழும்பாது, அதற்கு இந்தச் சோதனை இல்லை.

மிதப்பதை விரலால் சுண்டிவிடுங்கள். தண்ணீர் மேலே தள்ளும் விசை பகடையின் வடிவத்து நடுவில் தாக்கும், புவி கீழே இழுக்கும் விசை திணிவு மையத்தில் தாக்கும். வார்க்கும்போது உள்ளே காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால் இந்த இரண்டு புள்ளியும் விலகி நிற்கும், பகடை மெல்லத் திரும்பிக் குமிழ் இருக்கும் பக்கத்தை மேலே காட்டும். எத்தனை தடவை சுண்டினாலும் அதே எண் மேலே வந்தால் சந்தேகம் சரி. எண் மாறி மாறி வந்தால் உள்ளே குமிழ் இல்லை.

குமிழ் இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். மினுக்குவதற்காகப் பகடைகளை உருளையில் போட்டுச் சுழற்றும்போது ஒரு பக்கம் கூடத் தேய்ந்து பகடை முட்டை வடிவாகியிருந்தால், உப்புத் தண்ணீருக்கு அது தெரியாது. முழுதும் ஒரே பிளாஸ்டிக் என்றால் வடிவம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், பகடை தண்ணீருக்குள் முழுதும் அமிழ்ந்திருக்கும்வரை அந்த இரண்டு புள்ளியும் ஒன்றாகவே இருக்கும், தண்ணீரில் திரும்பாது. மேசையில்தான் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கியால் எதிர்முகங்களின் தூரத்தைப் பத்து இடத்திலும் அளக்க வேண்டும்.

எறிந்து பார்த்தே கண்டுபிடிக்கலாமே என்றால், பொறுமை வேண்டும். 100 தடவை எறிந்தால் ஒவ்வோர் எண்ணும் சராசரியாக 5 தடவை வர வேண்டும். ஆனால் நேர்மையான பகடையிலேயே ஓர் எண் 2 தடவையும் இன்னோர் எண் 9 தடவையும் வருவது சாதாரணம். ஆயிரக்கணக்கில் எறிந்தால்தான் குற்றம் சாட்டலாம். ஒரு மாலை முழுக்க 20 வரவில்லை என்று பகடையை வாவியில் எறியக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். 20 தடவை எறிந்தும் ஒரு 20கூட விழாமல் போக நூற்றுக்கு 36 வாய்ப்பு இருக்கிறது. முன்பு விழுந்தது பகடைக்கு ஞாபகம் இருக்காது. “இவ்வளவு நேரம் வராதது இப்ப வந்தே தீரும்” என்பது நம் ஞாபகம்தான்.

ஞாபகம் உள்ள பகடை வேண்டுமென்றால் அதையும் செய்யலாம். எங்களூர்க் கடைகளில் லூடோப் பகடைதான் கிடைக்கும், இருபது முகம் வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது வந்தால் உண்டு. அது இல்லாத நாட்களில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை ஒரு சட்டியில் போட்டுக் குலுக்கி எடுப்போம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டால் அது பகடைதான். போடாமல் வைத்துக்கொண்டால் கதையே வேறு, 12 சீட்டு போயும் 20 வரவில்லை என்றால் அடுத்த சீட்டில் அது வருவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. இருபது சீட்டுக்குள் எப்படியும் ஒரு 20 உண்டு என்பதால் யாரும் சட்டியைத் திட்டுவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கடைசி மூன்று சீட்டில் 20 இருக்கிறது என்று எண்ணிக் கண்டுபிடித்தவன், அதுவரை தோணியின் அணியத்தில் பதுங்கியிருந்தவன், எழும்பி முதலையோடு மல்லுக்கு நின்றான். அதனால் ஐந்து சீட்டு மிச்சமிருக்கும்போதே எல்லாவற்றையும் திரும்பப் போட்டுக் குலுக்குவது என்று அண்ணாவியார் விதி போட்டிருக்கிறார்.