ஃபெடரேஷன்: சம்மேளனமா, கூட்டமைப்பா?

ஃபிஃபா, ஃபிடே இரண்டுமே பிரெஞ்சுப் பெயர்களின் சுருக்கம். இரண்டிலும் முதலில் நிற்கும் ‘ஃபி’யில் ஒளிந்திருப்பது ‘ஃபெடரேஷன்’. கால்பந்துக்கான ஃபிஃபா 1904இல் பாரிஸில் தொடங்கியது. சதுரங்கத்துக்கான ஃபிடேவும் அதே ஊரில்தான், 1924இல். தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பெயர் புழங்குகிறது. ஒரே அமைப்பை ஒரு செய்தியில் ‘அகில இந்திய கால்பந்து சம்மேளனம்’ என்றும் இன்னொன்றில் ‘கூட்டமைப்பு’ என்றும் படிக்கிறோம். இலங்கைச் செய்திகளில் சம்மேளனத்துக்கே செல்வாக்கு அதிகம்.

மூலச் சொல் லத்தீனின் ‘ஃபோய்டஸ்’. பொருள் உடன்படிக்கை. நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஃபிடெஸ்’ இதற்கு உறவுச் சொல். ரோமாபுரியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தங்கள் தலைவர்களின் கீழேயே இருந்தபடி அதற்குப் படை கொடுத்த இனத்தாரை ‘ஃபோய்டெராட்டி’ என்றார்கள். இன்றைய விளையாட்டு ஃபெடரேஷனும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். மெஸ்ஸி ஃபிஃபாவின் உறுப்பினர் அல்லர். அர்ஜென்டினாவின் கால்பந்துச் சங்கம்தான் உறுப்பினர். இப்படி 211 சங்கங்கள். ஒவ்வொன்றும் தன் நாட்டில் தனி அமைப்பு, வெளியே ஒரே சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

ஃபிஃபாவின் முழுப்பெயரைத் தமிழாக்கும்போது ஒரு வழுக்கல் நடக்கிறது. அதன் கடைசிச் சொல் ‘அசோசியேஷன்’. அதைப் பார்த்ததும் ‘கால்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பு’ என்று எழுதத் தோன்றும். ஆனால் அது ஆட்டத்தின் பெயர். ரக்பி வகைக் கால்பந்திலிருந்து பிரித்துக் காட்ட, இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் வகுத்த விதிப்படி ஆடும் ஆட்டத்தை ‘அசோசியேஷன் ஃபுட்பால்’ என்றார்கள். ‘சாக்கர்’ என்பதே அதைக் கத்தரித்து வந்த சொல்தான். ஆகவே ‘சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பு’ என்றாலே போதும்.

சம்மேளனம் வடமொழியிலிருந்து வந்தது. ஒன்றுகூடல் என்று பொருள். இந்தியில் ‘சம்மேளன்’ என்றால் மாநாடு. மலையாளத்திலும் கன்னடத்திலும் கூட்டத்தையும் மாநாட்டையும் குறிக்கும். தமிழில் அது நிரந்தர அமைப்பின் பெயராகவும் உட்கார்ந்துவிட்டது, பெரும்பாலும் தொழிற்சங்க வழக்கினால். சினிமாக்காரர்கள் ‘பெப்சி’ என்று சொல்வது தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனத்தை. அதில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சங்கம், எல்லாம் சேர்ந்தது சம்மேளனம். ஆக, பொருள் தெரிந்துதான் நம்மவர்கள் அதை எடுத்திருக்கிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன்.

சரி, ‘கவர்னிங் பாடி’ என்கிறார்களே, அதற்கு? ‘ஆளும் குழு’ என்று எழுதுகிறோம். ‘கவர்ன்’ என்பதன் கிரேக்க மூலத்துக்குக் கப்பலைச் செலுத்துதல் என்று பொருள், நம் மீகாமன் செய்த வேலை. தமிழின் ‘ஆளும்’ அரசாட்சியை நினைவூட்டுகிறது. உண்மையில் இந்த அமைப்புகளுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. ஆட்ட விதியைக்கூட ஃபிஃபா தனியாக மாற்ற முடியாது. விதிகளுக்கென்று தனி வாரியம் இருக்கிறது. அதில் எட்டு வாக்கு: ஃபிஃபாவுக்கு நான்கு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்குக்கும் தலா ஒன்று. ஆறு வாக்கு விழுந்தால்தான் மாற்றம். கிரிக்கெட் விதிகளும் இன்றுவரை லண்டனின் எம்.சி.சி. கிளப் கையில்தான்.

அப்புறம் எதை வைத்து ஆள்கிறார்கள்? போட்டி அட்டவணை, உலகக் கோப்பை, வீரர்களின் இடமாற்றம், ஊக்கமருந்து விதிகள் எல்லாம் உண்டு. ஆனால் பெரிய ஆயுதம், உடன்படிக்கையிலிருந்து விலக்கி வைப்பது. 2022 ஆகஸ்ட் நடுவில் வெளியார் தலையீடு என்று சொல்லி இந்தியாவை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. உச்ச நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகக் குழு இந்திய அமைப்பை நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. கோகுலம் கேரளா மகளிர் அணி அப்போது ஆசியக் கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானில் இறங்கிவிட்டது. தாஷ்கண்ட் வரை போன அந்தப் பெண்கள் ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பினார்கள். அதே மாத இறுதிக்குள் தடை நீங்கியது. அவர்களுக்கு என்ன பயன்? 2023 ஜனவரியில் இலங்கைக் கால்பந்துக்கும், நவம்பரில் இலங்கைக் கிரிக்கெட்டுக்கும் இதே கதி. கிரிக்கெட் தடையின் விளைவாக, இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது.

தன் நாட்டின் பெயரில் ஆட முடியாத வீரர் எங்கே நிற்பார் என்பதற்குச் சதுரங்கம் நல்ல உதாரணம். 2023இல் அஸ்தானாவில் டிங் லிரெனோடு உலகப் பட்டத்துக்கு மோதிய நெபோம்னியாச்சி ரஷ்யர். ஆனால் உக்ரைன் போரை ஒட்டிய தடையால் அவர் மேசையில் ரஷ்யக் கொடி இல்லை, ஃபிடேவின் கொடி இருந்தது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஃபெடரேஷனுக்குக் கூட்டமைப்பே பொருந்தி வருகிறது. அங்கங்கள் தனித்தனியே உயிரோடிருப்பதும் அவை கூடியதால் மட்டுமே மேலே ஓர் அமைப்பு இருப்பதும் அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. ‘கவர்னிங் பாடி’க்கு ‘நிர்வாக அமைப்பு’ போதும். அரசியலில் ஃபெடரலுக்கு நம்மிடம் கூட்டாட்சியும் இலங்கையில் சமஷ்டியும் இருப்பதால் குழப்பமில்லை. ஒரு சிக்கல் மட்டும் மிச்சம்: ஃபிஃபாவுக்குக் கீழே கண்டவாரியாக ஆறு ‘கான்ஃபெடரேஷன்’ இருக்கின்றன, அவற்றையும் கூட்டமைப்பு என்றே எழுதுகிறோம். ‘கண்டக் கூட்டமைப்பு’ என்று ஒட்டு சேர்த்துக்கொள்ளலாம்.

சம்மேளனத்துக்கு நேர்ப்பொருளில் இடம் தேடினால் கிரிக்கெட்டுக்குத்தான் போக வேண்டும். இன்று ‘கவுன்சில்’ எனப்படும் ஐ.சி.சி. 1909இல் தொடங்கியபோது அதன் பெயர் ‘இம்பீரியல் கிரிக்கெட் கான்ஃபரன்ஸ்’.